சுறாப் பெண்ணுக்கு ஒட்டிய கைலி லேபிள்

வடகரை,
சாரல் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் முஃபீதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா வீட்டுக்காரன் கிதிர் முகம்மது எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம், பிள்ளை அதீபா சுகம், கைலிக்கடை சுகம், கடையின் ஒழுகும் கூரையும் வழக்கம்போல் சுகம். உன் அக்கா ஷரீபுன்னிசாவும் உடம்பளவில் சுகம்தான். மனசளவில் சுகமில்லை. அதற்குக் காரணம் நான் என்கிறாள் அவள். குரங்கு என்கிறேன் நான். அதைப் பின்னால் விவரமாக எழுதுகிறேன். மஸ்கட்டில் உன் முதுகுவலி, உன் சமையல், உன் அறையில் தண்ணீர் சொட்டும் ஏசி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். என்ன செய்ய? போன வாரம், "இனிமே ஒங்க வீட்டு விஷயத்துல நா தலையிட மாட்டேன் மச்சான்" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டு என் நம்பரைத் தடுத்துவிட்டாய். நான் அனுப்புவதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. உன் அக்காவின் போனில் பேசலாம் என்றால், "நீங்க கெடுத்தத நீங்களே சரி பண்ணுங்க, எம் போனத் தொடப்பிடாது" என்று அதைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். நல்லவேளையாக உன் கம்பெனி எலெக்ட்ரீஷியன் கீழப்பாவூர் செந்தில்வேல் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். வழக்கம்போல என் கடைக்குக் கைலி எடுக்க வந்தான். அவன் கையில் உனக்கும் நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்று கொடுத்துவிடப் போகிறேன். அதன் மடிப்புக்குள் இந்தக் கடிதம் இருக்கும். கைலியை உடுத்திக்கொண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செங்கோட்டை மர வியாபாரி செய்யது மசூது அண்ணாச்சி வீட்டுச் சம்பந்தம் முறியக் கூடாது. அவருடைய மகன் இர்ஷாத் நார்வே நாட்டில் பெர்கன் என்ற ஊரில் கப்பல் எஞ்சின் பார்க்கும் வேலையில் இருக்கிறான், ஒரே மகன், தாயார் பெயர் மெஹர் பானு. இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லும்போது நான் காதிலேயே வாங்கவில்லை என்று உன் அக்கா சொல்வதால், வாங்கினேன் என்பதற்குச் சாட்சியாகத் திருப்பி எழுதுகிறேன். அதீபாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. பெரியவர்கள் சம்மதத்தோடு இரண்டு தடவை வீடியோவில் பேசினார்கள். உன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அதன்பிறகு நம் பிள்ளை தென்காசி மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும்போது தனக்குள் ஏதோ முனகிப் பாடிக்கொண்டே செருப்பு மாட்டினாள். இப்போது செருப்பு மாட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பாட்டு இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை மச்சான்.

நீ கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு முன் நீ கொண்டுவந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் நான் அந்தந்த நாட்டு ரூபாய் நோட்டைப் பார்த்தே தட்டிக் கழித்தேன் என்று மஸ்கட்டில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறாய். ஆமாம், நோட்டைப் பார்த்தேன். ஒரு நாடு தன் முகத்தை எப்படிக் காட்ட ஆசைப்படுகிறது என்பதை வேறு எதில் போய்ப் பார்ப்பது? குவைத் மாப்பிள்ளையைச் சொன்னாய். அந்த நாட்டு ஐந்து தினாரின் பின்பக்கம் எண்ணெய் ஆலையும் எண்ணெய்க் கப்பலும். என் பிள்ளை அங்கே எங்கே துணி காயப்போடுவாள் என்று பார்த்தேன், இடம் தெரியவில்லை. சிங்கப்பூர் மாப்பிள்ளையைச் சொன்னாய். இரண்டு வெள்ளி நோட்டில் எல்லோரும் படிக்கிறார்கள், பத்து வெள்ளி நோட்டில் எல்லோரும் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை தூங்கும் பிள்ளை நம் பிள்ளை; நீயே சொல், அவளுக்கு அந்த ஊர் தோதுப்படுமா?

நோட்டுப் பைத்தியம் என்று என்னை நீ பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் அதை வளர்த்தது நீங்கள்தான். வெளிநாட்டில் இருந்து லீவில் வருபவன் வீட்டுக்கு சென்ட் பாட்டில், தெருவுக்குப் பேரீச்சம்பழம், தலைவலிக்காரர்களுக்குத் தைலம், கைலிக்கடை கிதிருக்குச் செலவழியாமல் பாக்கெட்டில் தங்கிப்போன ஒரு நோட்டு என்று நம் ஊரில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. அதன் மதிப்பு என்ன என்று நான் கேட்டதே இல்லை. மதிப்புக் கேட்கும் ஆளுக்கு, அவற்றைச் சேர்த்து வைத்த ஆல்பத்தைத் திறப்பதும் இல்லை. கடையில் கண்ணாடி போட்ட மேஜை ஒன்று இருக்கிறதே, சாரல் அடிக்கும் மத்தியானத்தில் ஒரு வியாபாரமும் இருக்காது, மலை முழுவதும் மேகத்துக்குள் போய்விடும், அப்போது அந்தக் கண்ணாடிமேல் நோட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவேன். முதலில் எழுத்து மறையும். பிறகு எண் மறையும். படம் மட்டும் மிஞ்சும். அதற்குள் எந்தப் பக்கமாக நுழையலாம் என்று பார்ப்பேன்.

மலேசியாவின் ஒரு வெள்ளி நோட்டில் பிறை வால் வைத்த பட்டம் ஒன்று பறக்கிறது. நூல் எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்று அதில் போடவில்லை. ரொம்ப நேரம் நானே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இலங்கையின் இருபது ரூபாயில் ஓர் ஆந்தை. அதைப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பினால் நோட்டே எழுந்து நின்றுகொள்ளும், நிற்கும் நோட்டில் ஒருவர் ஆடுவார். நியூசிலாந்தின் ஐந்து டாலரில் ஒரு பென்குவின். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முழங்கால் குளிரும், நிஜமாகச் சொல்கிறேன். மொரீஷியஸ் நோட்டில் நம் தமிழ் எண் இருக்கிறது, பழைய எண். நம் கடைத்தெருவில் யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. அத்தனை கடல் தாண்டிய ஒரு தீவு நம் எழுத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று நினைத்து அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட் எடுங்க, எடுங்க என்று நீ வருடாவருடம் சொல்கிறாய். எதற்கு? எல்லா நாடும் என் மேஜைக்கு வந்துவிட்டது. நான் பாஸ்போர்ட் எடுக்கவும் மாட்டேன், வடகரையை விட்டு நகரவும் மாட்டேன்.

இப்போது நார்வே. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் முன்பு எனக்கு ஐம்பது குரோன் நோட்டு ஒன்று தந்திருந்தார். பச்சை நிறம். நடுக்கடலில் பாறை, பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கம், சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. திருப்பினால் சின்னச் சின்னச் சதுரங்கள். நம் கைலிக் கட்டத்தைக் காற்றில் கலைத்துவிட்டது போல இருக்கும். கட்டம் விற்றே பிழைப்பவன் நான், அதைப் பார்த்து மயங்காமல் என்ன செய்வேன்? அதே நாட்டு ஆயிரம் குரோன் நோட்டில் திறந்த கடலும் ஒரே ஓர் அலையும் மட்டும்தான். கப்பல் இல்லை, மீன் இல்லை. அதை அதீபாவின் போனில்தான் பார்த்தேன். ஒரு தேசம் தன் பெரிய நோட்டில் ஓர் அலையைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது என்றால் அங்கே மனிதர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் நீ நார்வே என்று சொன்ன உடனே, பையன் பெயரைக்கூடக் கேட்காமல் சரி என்றேன். அதற்கும் நீ கோபித்துக்கொண்டாய். வேண்டாம் என்றாலும் தப்பு, வேண்டும் என்றாலும் தப்பு.

இனி சுறாப் பெண். அவள்தான் எல்லாவற்றுக்கும் காரணம், பாவம் அவள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அதே சமையல்காரர் கொடுத்ததுதான்: குக் தீவுகள் என்ற ஊரின் மூன்று டாலர் நோட்டு. மூன்று டாலரில் நோட்டு அடிக்கிற ஊரே ஓர் அதிசயம். அதில் ஒரு பெண் சுறாமீன் மேல் ஏறிக் கடலில் போகிறாள். என்ன ஒன்று, அவள் மேல் துணி இல்லை. அது அந்தத் தீவின் பழங்கதை, அரசாங்கமே அச்சடித்தது, இதில் நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் வயசுப் பிள்ளை இருக்கும் வீடு. ஆகவே கைலியில் ஒட்டும் லேபிள் ஒன்றை அளவாக வெட்டி, கழுத்திலிருந்து கால் வரை ஒட்டி அவள் மானத்தைக் காப்பாற்றி வைத்திருந்தேன். 'சாயம் போகாது' என்று அந்த லேபிளில் அச்சாகியிருக்கும்.

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அக்கா என்னை நிறுத்தி வைத்து ஒரே ஒரு உத்தரவு போட்டாள். "நா கெஞ்சிக் கேக்குதேன், இன்னைக்கு ஒரு நாள் அந்த நோட்டப் பத்திப் பேசாம இருங்க. மழயப் பத்திப் பேசுங்க, மரத்தப் பத்திப் பேசுங்க. அவிய மர வியாபாரி." நானும் தலையாட்டினேன். ஆனால் சீசனில் வரும் விருந்தாளியை அருவியில் நனைக்காமல் சாப்பாட்டில் உட்கார வைப்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லையே. பெண்கள் வீட்டில் இறங்கிக்கொள்ள, சுற்றுவழியானாலும் பரவாயில்லை என்று மசூது அண்ணாச்சியை நான் குற்றாலத்து ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். துண்டு வைத்த பையில் ஆல்பத்தையும் வைத்தேன். பேசக் கூடாது என்றுதான் உன் அக்கா சொன்னாள், காட்டக் கூடாது என்று சொல்லவில்லை. மகன் இருக்கும் நாட்டின் கலங்கரை விளக்கத்தை அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு மூடிவிடலாம் என்பது என் எண்ணம். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

ஐந்தருவியில் அன்று நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். அண்ணாச்சி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பையைக் கம்பியில் மாட்டிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அந்த நேரத்தில் ஒரு குரங்கு, நேந்திரங்காய் சிப்ஸ் என்று நினைத்திருக்கும் போல, பையோடு மரத்தில் ஏறிவிட்டது. துண்டை முதலில் எறிந்தது. பிறகு கிளையில் வாகாக உட்கார்ந்து ஆல்பத்தை மடியில் விரித்து, நான் கடையில் பார்ப்பதைப் போலவே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியது. சதுரம் போட்ட நார்வே பக்கத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவும் செய்தது. அப்புறம் ஒவ்வொரு நோட்டாக உருவி, முகர்ந்து பார்த்து, கீழே விட்டது.

கீழே சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தன், "ஏலே, மரத்துல இருந்து ரூவா விழுதுலே!" என்று கத்தினான். ஈரத் துண்டோடு இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கத்த வேண்டும், கல் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை மச்சான். தண்ணீர்ப் புகைக்கு நடுவே பட்டமும் ஆந்தையும் பென்குவினும் மெதுவாக இறங்கி வந்தன. மொரீஷியஸ் கொஞ்ச தூரம் அருவிப் பக்கம் போய்விட்டு மனசு மாறித் திரும்பியது. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவில் வெறும் சாரல்தான் இருந்தது. இவ்வளவு காலமும் படுக்க வைத்தே பார்த்தவற்றை அன்றுதான் பறக்கக் கண்டேன். நான் அண்ணாந்து நின்றேன், மூஞ்சியெல்லாம் நனைந்தது.

ஓடிவந்தவர்கள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, இது எந்த ஊரு ரூவா? கடையில வாங்குவானா?" என்றான் ஒருத்தன். "பறவ படம்லா போட்டிருக்கு, பிள்ளைய வெளையாடுத நோட்டுலே இது," என்றான் இன்னொருத்தன். செலவழிக்க முடியாது என்று தெரிந்ததும் எல்லோரும் நல்லவர்களாகி வரிசையாக வந்து என் கையில் கொடுத்தார்கள். வராதவை இரண்டே இரண்டு. கலங்கரை விளக்கம் கண்ணிலேயே படவில்லை. அருவித் தண்ணீரோடு சிற்றாற்றில் போயிருக்கும். சுறாப் பெண் மட்டும் கண்ணில் பட்டாள். எதிரே மசூது அண்ணாச்சி, எண்ணெய் வழியும் உடம்போடு, ஈரப் பாறையில் இருந்து பொறுக்கிய நோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் கைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவள்தான் தெரிந்தாள். சாயம் போகாத லேபிள் எங்கேயோ உரிந்து போயிருந்தது.

அதன்பிறகு அந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அருவியில் தலையைக் காட்டினார், காரில் ஏறினார், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன், மரத்தைப் பற்றிப் பேசினேன், தேக்கு வைத்தால் எத்தனை வருடத்தில் வெட்டலாம் என்றுகூடக் கேட்டேன்.  உன் அக்கா செய்த நெய்ச்சோற்றில் கையை வைத்துவிட்டு எடுத்தார். இனிப்புக்கு வைத்த வட்டலப்பம் அப்படியே இருந்தது. புறப்படும்போது வழக்கமாகச் சொல்லும் "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்பதைக்கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அறைக்குள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அதீபா கார் போகும் சத்தம் கேட்டு எழுந்து வந்து, "என்ன வாப்பா, என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். "மழ அதிகம்னு சொன்னாவ," என்றேன். அதையும் அவர் சொல்லவில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்த மெஹர் பானு அம்மாவின் கையில் அந்தப் பெண் அகப்பட்டாள். "பொண்ணோட வாப்பா அருவிக்கரையில வச்சு எம் வீட்டுக்காரருக்கு எந்த மாதிரிப் படத்தக் காட்டியிருக்காவ தெரியுமா?" என்று அவர்கள் உனக்குப் போன் போட, நீ எனக்குக் குரல் செய்தி போட, ஒற்றை டிக்கில் நான் நிற்கிறேன். இந்த விஷயம் தெரிந்ததும் உன் அக்கா அழுதாள். நான் என்ன சொன்னாலும், "பேசாதீய," என்ற ஒரே பதில். அதீபா மட்டும் கோபப்படவில்லை. அவளுக்கு அந்தக் கதை தெரியும், போனில் எப்போதோ படித்திருக்கிறாள். "அந்தப் பொண்ணு பேரு இனா வாப்பா. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குத தன் ஆளத் தேடிப் போறா. வேற வண்டி கெடைக்கல, சுறா மேல ஏறிட்டா. நீங்க அவளுக்குப் போயி லேபிள் ஒட்டிட்டீய," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். 

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் நான் சொன்ன காரணமெல்லாம் நோட்டில் இருந்து எடுத்தது, பயம் என்னுடையது. என் மேஜைக்கு வந்த நாடுகளில் நான் போய்விட்டு உடனே திரும்பிவிடுவேன். அவள் போனால் அங்கேயே இருப்பாள். கடைக் கதவைச் சாத்தும்போது, "வாப்பா, பூட்ட இழுத்துப் பாத்தீயளா?" என்று கேட்க ஆள் இருக்காது. ஆனாலும் அந்த முனகல் பாட்டு எனக்குத் திரும்ப வேண்டும். அவள் கடல் தாண்டித்தான் பாட முடியும் என்றால் தாண்டட்டும். நீ மெஹர் பானு அம்மாவிடம் ஒரு தடவை பேசு. அது ஒரு நாட்டின் நோட்டு, கதைப் படம், கிதிர் முகம்மது அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எடுத்துச் சொல். சாட்சிக்குக் குரங்கைக் கூப்பிட முடியாது, வேண்டுமானால் லேபிள் கட்டு முழுவதையும் அனுப்பி வைக்கிறேன். நோட்டுப் பழக்கத்தை இன்றோடு விட்டேன். ஆல்பத்தை உன் அக்காவின் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். இனி என் மேஜையில் கைலி மட்டும்தான் இருக்கும்.

உன் முதுகுக்கு நல்ல சுகத்தையும், உன் சம்பாத்தியத்துக்குப் பரக்கத்தையும், உன் போனுக்குக் கொஞ்சம் இரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. அதீபாவின் ஸலாம். உன் அக்காவும் ஸலாம் சொன்னதாக எழுதியிருக்கிறேன். கேட்டால் ஆமாம் என்று சொல்வாள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்,
கி. முகம்மது, கைலிக்கடை.

பின்குறிப்பு: இது வியாழக்கிழமை சாயங்காலம் எழுதுவது. மேலே உள்ளது முழுவதையும் மறந்துவிடு. மெஹர் பானு அம்மாவிடம் பேசிவிடாதே, கெடுத்துவிடுவாய். செந்தில்வேலுக்காகக் கைலியை மடித்துக்கொண்டிருந்தபோது மசூது அண்ணாச்சி குடையோடு கடைக்குள் வந்து நின்றார்.  அவர் உட்கார்ந்து கைக்குட்டையை விரித்தார். அதற்குள் இரண்டு நோட்டு, இஸ்திரி போட்டது போல இருந்தன. ஒன்று சுறாப் பெண். இன்னொன்று, சிற்றாற்றில் போனது என்று நான் நினைத்த கலங்கரை விளக்கம்.

"கேக்காம எடுத்துட்டுப் போனது தப்பு அண்ணாச்சி," என்றார். "ரெண்டும் முதுகோட முதுகா ஒட்டிக் கெடந்திருக்கு. ஒட்டுன சங்கதியே வீட்டுல சொல்லித்தான் எனக்குத் தெரியும். நா அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்ல, இதத்தான் பாத்தேன். மவன் அங்கன போயி அஞ்சு வருசமாச்சு. போன்ல அவன் மொகம் தெரியும், பொறத்தால செவுரு தெரியும். ஊரக் காட்டுலேன்னா, மழ பெய்யுது வாப்பான்னுவான். ஒரு நோட்டு கொண்டாலேன்னா, இங்கன யாரு வாப்பா நோட்டத் தொடுதா, எல்லாம் கார்டுதான்னுவான். எம் பிள்ள இருக்குத நாட்டுல இப்படி ஒரு வெளக்கு நிக்கின்னு அன்னைக்குத்தான் பாத்தேன்.  வாயத் தொறந்தா அழுதுருவேன், பொண்ணு பாக்க வந்த எடத்துல அழப்பிடாதேன்னு பேசாம இருந்துட்டேன். வட்டலப்பம் சாப்பிடாததுக்கு ஒங்க வீட்டுல வருத்தமா?"

 கலங்கரை விளக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்றார். சட்டைப் பையில் நானே வைத்தேன். வீட்டுக்குப் போனால், அண்ணாச்சி சொல்லி விஷயம் விளங்கிய மெஹர் பானு அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து உன் அக்காவோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சுறாப் பெண்ணுக்கு ஒரு துண்டுப் பச்சைப் பட்டுத்துணியை வெட்டி முக்காடு வரைக்கும் அழகாக ஒட்டியதும் அவர்கள்தான். என் லேபிளைவிட அது நன்றாக இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பேச்சு நிக்காஹ் வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் என்ன வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டார்கள். அதீபா கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "ஆயிரம் குரோன் நோட்டு ஒண்ணு. அல போட்டது."

"ஏட்டி, பவுனாக் கேளுட்டி!" என்று உன் அக்கா நெஞ்சில் கையை வைத்தாள். இர்ஷாத் தம்பி வீடியோவில் இருந்தான். பெர்கனிலும் சாரல்தானாம், நம் குற்றாலம் மாதிரியே நாளெல்லாம் பெய்யுமாம். நோட்டுக்காக நாளைக்கே பேங்குக்குப் போகிறேன், அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்றான். எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. பிள்ளை எனக்காகத்தான் கேட்டிருக்கிறாள், அந்த அலை என் மேஜைக்கு வரப்போகிறது என்று உள்ளே ஓடினேன். அவள் சிரிக்கிறாள். "ஒங்களுக்கு இல்ல வாப்பா. மஹரு பொண்ணுக்குத்தான் சொந்தம். எங்கிட்டதான் இருக்கும், எங்கூடத்தான் வரும். பாக்கணும்னா அங்கன வாங்க." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள், முனகிக்கொண்டே.

உன் அக்கா பீரோச் சாவியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். ஆல்பத்தை எடுத்து நார்வே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். விளக்கு மசூது அண்ணாச்சி பையில் போய்விட்டது. அலை பிள்ளையோடு போகிறது. அந்த நாட்டுக் காகிதம் ஒன்றுகூட இப்போது என் கையில் இல்லை. பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று உடனே சொல்லு மச்சான், நம்பரைத் திறந்துவிடு. இனி அந்த ஊரை நான் நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு.